பந்தைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள்!

உங்கள் வீட்டில் வாலிபால் ஆடும் பெண்ணோ பையனோ உண்டா? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் பார்த்துப் பார்த்து வைக்கிறார்களா? கொஞ்சம் கவனியுங்கள். கேட்டால், ‘ஒண்ணுமில்லம்மா’ என்றுதான் பதில் வரும். டீமிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம்!

பள்ளிப் பெண்களுக்கு வாலிபால் கற்றுத் தருபவன் நான். அந்த ‘ஒண்ணுமில்ல’யை நம்பி ஏமாந்தும் இருக்கிறேன். பதிமூன்று வயதுப் பெண். டீமிலேயே உயரம் அவள்தான். அதனால் ஸ்மாஷ், பிளாக், ஜம்ப் சர்வீஸ் எல்லாம் அவள் தலையில். ராத்திரி டி.வி.யில் பெரிய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் ‘இன்னும் நாப்பது அடிம்மா’ என்று அவளைக் குதிக்க வைத்த புண்ணியவான் நான்தான். ஒருநாள் அவள் அம்மா வந்து நின்றார். “சார், முட்டிக்குக் கீழே வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் அழறா.”

சிமென்ட் தரை, அதனால்தான் என்றேன் நான். ஷூ சரியில்லை என்றார் அப்பா. பால் குடிக்க மாட்டேங்கறா என்றார் பாட்டி.

ஹூலியோ வெலாஸ்கோ என்று ஒரு கோச். அர்ஜென்டினாவில் பிறந்தவர். 1990, 1994 இரண்டு முறையும் இத்தாலி ஆண்கள் அணியை உலக சாம்பியனாக்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், தன் 72-வது வயதில், இத்தாலிப் பெண்களுக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தார். இறுதி ஆட்டத்தில் 3-0 என்று தோற்ற அமெரிக்காவின் கோச்சும் லேசுப்பட்டவர் இல்லை. கார்ச் கிராலி! வீரராக மூன்று ஒலிம்பிக் தங்கம், கோச்சாக ஒன்று.

வெலாஸ்கோ சாக்குப்போக்கு பற்றி நிறையப் பேசுவார். ஸ்மாஷ் வெளியே போனால், அடித்தவர் செட்டரைக் குறை சொல்வார். செட்டர், பந்தை எடுத்துக் கொடுத்தவரைக் கைகாட்டுவார். அவரோ விளக்கு கண்ணில் அடித்தது என்பார். எங்கள் கதையும் அதேதான், இல்லையா? அந்தப் பெண் எத்தனை தடவை குதிக்கிறாள் என்று மட்டும் யாருமே எண்ணவில்லை. மறுநாள் எண்ணினேன். ஒன்றரை மணி நேரத்தில் 140-ஐத் தாண்டியது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

எலும்பு டாக்டர் எளிமையாக விளக்கினார். வளரும் வயதில், முழங்கால் சில்லிலிருந்து வரும் தசைநாண் கீழே எலும்பில் ஒட்டுகிற இடம் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. ஒவ்வொரு குதிக்கும் தொடைத் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. வலி, சின்னதாக ஒரு புடைப்பு. ‘ஆஸ்குட் ஷ்லாட்டர்’ என்று பெயர். வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

பெரியவர்களுக்குச் சில்லுக்கு நேர் கீழே தசைநாணிலேயே வரும். இதுதான் ‘ஜம்பர்ஸ் நீ’. ஆடத் தொடங்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் மறைந்துவிடும், ஆட்டம் முடிந்தபின் திரும்ப வரும். ஏமாற்றுக்கார வலி! நார்வேயின் முன்னணி வீரர்களிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வாலிபால் ஆடும் ஆண்களில் கிட்டத்தட்ட 45 சதவிகிதம் பேருக்கு இது இருந்தது. உச்சத்தில் ஆடுகிறவர்களுக்கே இந்த கதி என்றால் நம் பிள்ளைகள்?

அடுத்த முறை பெரிய ஆட்டம் பார்க்கும்போது ஸ்லோ மோஷனில் பந்தை விட்டுவிடுங்கள். கீழே இறங்கும் பாதத்தைப் பாருங்கள். வலக்கைக்காரர்கள் பலர் இடது காலில்தான் முதலில் விழுகிறார்கள். முழு உடம்பின் பாரமும் அந்த ஒரு முட்டியில்! நெட்டுக்கு அடியில் எதிராளியின் பாதத்தின் மேல் விழுந்து கணுக்கால் பிசகுவதும் இங்கேதான். பல முன்னணி அணிகளில் இடுப்பில் சின்னக் கருவி ஒன்றைக் கட்டி ஒவ்வொரு குதியையும் எண்ணுகிறார்கள். நமக்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

என் பெண்கள் இப்போது முதல் பத்து நிமிஷம் பந்தையே தொடுவதில்லை. ஒரு பெஞ்சிலிருந்து இரண்டு காலிலும், சத்தம் வராமல், முட்டி மடங்கி இறங்கப் பழகுகிறார்கள். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. எதிரே நின்று பார்த்தால் பாட்டிக்குக்கூடத் தெரியும்!

அந்தப் பெண்ணுக்கு முழு ஓய்வு கொடுக்கச் சொல்லவில்லை டாக்டர். குதியை மட்டும் குறைத்து, தொடைக்கு வலு சேர்க்கும் பயிற்சி கொடுத்தார். சில மாதங்கள் அவளைப் பின்வரிசையில் நிறுத்தினேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு பந்து எடுப்பதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். குதி நோட்டு இப்போது அவள் பொறுப்பில்.

முட்டி வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது காலை வாரிவிட்டாலோ, நோட்டு, ஐஸ் என்று நாள் கடத்தாமல் டாக்டரிடம் போய்விடுங்கள். போகும்போது, ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவை குதிக்கிறே?’ என்று பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். டாக்டர் நிச்சயம் கேட்பார்.