பப்பாளியில் எறும்பு ஏறினால்

வீட்டில் பாம்பு, தேள் தொல்லை என்றால் கோமதி அம்மனிடம் வேண்டிக்கொண்டு, அதன் உருவம் பொறித்த தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது சங்கரன்கோவில் வழக்கம். புறவாசலில் நிற்கும் பப்பாளியிலும் கொய்யாவிலும் பூச்சி விழுந்தால் மட்டும் நேரே பூச்சிமருந்துக் கடைக்குப் போய்விடுகிறோம். உட்காருங்கள் அண்ணாச்சி, டீ ஆறட்டும். டப்பாவைத் திறக்குமுன் அந்தப் பூச்சி எங்கே முட்டையிடுகிறது, எங்கே ஒளிகிறது, யார் அதைக் காக்கிறார்கள், யார் தின்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பப்பாளித் தண்டிலும் காய்க்காம்பிலும் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக அப்பியிருப்பது மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி இது. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் கண்ணில் பட்டது. அதே ஆண்டில் இலங்கையிலும் தெரிந்தது. பப்பாளியோடு நிற்கவில்லை, மரவள்ளி, மல்பெரி என்று தொட்டதையெல்லாம் பிடித்தது. மல்பெரிக்காரர்கள் பாடுதான் பெரும்பாடு. இலைக்கு மருந்தடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழு செத்துப்போகும். அடித்தவர்களுக்கும் பெரிய பலன் இல்லை. பூச்சியின் மேலிருக்கும் அந்த வெள்ளை மாவு ஒரு மெழுகு. மருந்துத் தண்ணீர் அதில் ஒட்டாமல் வழிந்துவிடும். முட்டைகளும் மெழுகுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் பத்திரமாக இருக்கும். இடையில் செத்தது, அதைத் தின்ன வந்த பூச்சிகள்தான்.

சொந்த ஊரில் இந்த மாவுப்பூச்சி ஏன் இப்படி ஆட்டம் போடவில்லை என்று யோசித்ததில்தான் வழி பிறந்தது. அங்கே அதற்கு எதிரிகள் உண்டு. பெங்களூரில் இருக்கும் வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரீக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. 2010 அக்டோபரில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் அவற்றை வெளியே விடத் தொடங்கினார்கள். அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்பது இங்கே நன்றாக ஊன்றிக்கொண்டது. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது, நம்மைக் கொட்டாது. மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் முட்டையிடும். உள்ளே பிறந்த புழு அதைத் தின்றே வளரும், கடைசியில் காய்ந்த கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவியாக வெளியே வரும். சில மாதங்களிலேயே தோட்டங்கள் தெளிய ஆரம்பித்தன. இன்றைக்கு உங்கள் மரத்தில் மாவுப்பூச்சி கொஞ்சமாகத் தெரிந்து தானாகவே மறைந்தால், இந்தக் குளவியின் கைவரிசையாக இருக்கலாம்.

அப்படியும் சில மரங்களில் மட்டும் ஏன் அப்பிக்கொண்டு கிடக்கிறது? தண்டைப் பாருங்கள், எறும்புச் சாரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிக்கிறது. இலையில் கரி பூசியதுபோல் கறுப்புப் படர்வதும் அந்த நீரில் வளரும் பூஞ்சணம்தான். எறும்புக்கு அந்த இனிப்பு வேண்டும். அதனால் மாடு மேய்ப்பவர் மாதிரி கூடவே நின்று, முட்டையிட வரும் குளவியை விரட்டியடிக்கும். ஆகவே முதல் வேலை எறும்பை நிறுத்துவது. தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத் துணியைக் கட்டி, துணியின்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவக் கூடாது. சுவரையோ துணி காயப்போடும் கயிற்றையோ தொடும் கிளை, இலையை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் எறும்பு அந்தப் பாலத்தில் வந்துவிடும். பிறகு ஹோஸ் குழாயால் பூச்சித் திட்டுகளின்மேல் வேகமாகத் தண்ணீர் அடியுங்கள். அதற்கும் மிஞ்சினால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அந்தத் திட்டுகளில் மட்டும் தெளிக்கலாம். பப்பாளி இலை மென்மையானது. ஓர் இலையில் தெளித்து மறுநாள் கருகவில்லை என்று பார்த்த பிறகு தொடருங்கள்.

தெளிக்குமுன் இன்னொன்று. வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுவும் வெள்ளை மெழுகிழைகளோடு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆனால் பெரிதாக இருக்கும், விறுவிறுவென்று நடக்கும். 1898-இல் காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒழிக்க ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த வண்டு அது. ஸ்பால்கிஸ் என்றொரு சின்ன வண்ணத்துப்பூச்சியும் உண்டு. அதன் புழு இலையைத் தொடாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அது கூட்டுப்புழுவானதும் பாருங்கள், அச்சு அசல் குரங்கு முகம்! பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

கொய்யா வேறு கதை. பழத்தைப் பிளந்தால் வெள்ளைப் புழு நெளிகிறதே, அது பழ ஈயின் புழு. ஈ தோலுக்கடியில் முட்டையிட்டபின் எந்த மருந்தும் உள்ளே எட்டாது. ஆனால் பழம் விழுந்ததும் புழு வெளியேறி, மரத்தடி மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். பிடிக்க வேண்டிய இடம் அதுதான். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, வெயிலில் சில நாள் போட்டுவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். மரத்தடியை லேசாகக் கொத்திவிட்டால் மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும். எலுமிச்சை அளவுக்குக் காய் திரண்டதும் துணிப்பை கட்டிவிடுவது எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றிலும் உறுதியான வழி. கூலி உங்கள் கைதான்.

கடையில் விற்கும் மெத்தில் யூஜினால் பொறி பற்றியும் கேட்பீர்கள். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹௌலெட் என்பவர், சிட்ரோனெல்லா எண்ணெயைத் தேடிப் பழ ஈக்கள் வருவதை 1912-இல் எழுதினார். அந்த எண்ணெயில் இழுப்பது எது என்று தேடியதில் மெத்தில் யூஜினால் கிடைத்தது. ஆனால் இதற்கு மயங்குவது ஆண் ஈ மட்டுமே. முட்டையிடுவது பெண். உங்கள் வீட்டில் மட்டும் பொறி தொங்கினால் தெரு முழுக்க உள்ள ஆண் ஈக்கள் வந்து விழும், பெண் ஈக்கள் எப்போதும்போல் முட்டையிடும். தெருவில் எல்லோருமாகக் கட்டினால் பலன் உண்டு.

எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவைப் பற்றிப் பக்கத்துப் புளியங்குடித் தோட்டக்காரரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: கன்றாக இருந்தால் கையால் எடுத்துப் போடுங்கள். ஆளுயரம் தாண்டிய மரமென்றால் கொஞ்சம் இலை போனாலும் மீண்டும் துளிர்க்கும். புழு வண்ணத்துப்பூச்சியாகிப் போகட்டும் என்று விட்டுவிடலாம்.