பாஸ்போர்ட் சொல்லும் தேசியமும் திம்புவில் கேட்ட தேசியமும்

தேசியவாதம் பற்றிக் கட்டுரை ஒப்படைக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று மும்பை தேவ்நாரிலிருந்து மாணவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தன் பாஸ்போர்ட் நகலையே இணைத்து, 'நேஷனாலிட்டி' என்ற இடத்தைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார். “இதில் இந்தியன் என்று இருக்கிறது. ஈழத் தமிழர் கேட்டதும் இதே சொல்தான் என்கிறார் பேராசிரியர். எப்படி?”

பேராசிரியர் சொன்னது சரி. பாஸ்போர்ட்டில் அது குடியுரிமை. 1985 ஜூலை 13 அன்று பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சில் ஆறு தமிழ் அமைப்புகள் வெளியிட்ட ஆங்கில அறிக்கையில் அதே சொல்லுக்குத் தேசிய இனம் என்று பொருள். இலங்கைத் தமிழரைத் தேசிய இனமாக ஏற்க வேண்டும், அவர்களின் தாயகத்தை ஏற்க வேண்டும், சுயநிர்ணய உரிமை வேண்டும், தீவைத் தம் நாடாகக் கருதும் தமிழர் எல்லோருக்கும் குடியுரிமை வேண்டும் என்று நான்கு கோரிக்கைகள். முதல் மூன்றும் இறையாண்மைக்கு ஒவ்வாதவை என்று கொழும்பு தள்ளிவிட்டது.

பேச்சுக்கு ஏற்பாடு செய்த டெல்லியின் நிலையைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு என்பது 1966-ன் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் முதல் பிரிவு. 1979 ஏப்ரல் 10 அன்று இந்தியா அதில் சேர்ந்தது; சேரும்போதே ஓர் அறிவிப்பையும் இணைத்தது. இவ்வுரிமை அந்நிய ஆதிக்கத்தில் இருக்கும் மக்களுக்கு மட்டுமே. சுதந்திர நாடுகளுக்கோ ஒரு மக்களின் ஒரு பகுதியினருக்கோ பொருந்தாது என்றது அது. உரிமையை மறுக்கவில்லை, 'மக்கள்' யார் என்பதை மட்டும் சுருக்கிக்கொண்டது. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆட்சேபம் தெரிவித்தன.

ஒரு பகுதியினருக்கு இவ்வுரிமை இல்லை என்பதே தேச ஒருமைப்பாட்டின் சாரம் என்கிறது அறிவிப்பு. அப்படியானால் 1971-ல் பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்காளத்துக்குள் இந்தியப் படை போனதை எதில் சேர்ப்பது? அன்று வங்காளிகளும் ஒரு சுதந்திர நாட்டு மக்களின் ஒரு பகுதியினர்தான். எட்டே ஆண்டுகளில் எழுதிய இந்த வரிப்படி அவர்களுக்கும் அந்த உரிமை கிடையாது. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மற்ற கேள்விகள்:

நாட்டுப்பற்றும் தேசியவாதமும் ஒன்றா? இல்லை, பற்று மனத்தோடு நிற்கும், தேசியவாதம் ஆட்சியுரிமை கேட்கும்.

ஐ.நா. தேசங்களின் சபையா? பெயர் அப்படி, உறுப்பினர்கள் அரசுகள்.

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் தமிழரைத் தேசிய இனம் என்றதா? இல்லை, இலங்கையைப் பல இன, பல மொழிச் சமூகம் என்றது.

திம்புவின் நான்காவது கோரிக்கையான குடியுரிமை என்ன ஆனது? மலையகத் தமிழருக்கு 1988, 2003 சட்டங்களால் பெருமளவு தீர்ந்தது; எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாதவர்கள் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள்.