அறுபதுக்கு மேல் ஹார்மோன் மாத்திரை... எலும்புக்காக ஆரம்பிக்கலாமா?

"எனக்கு வயசு அறுபத்து நாலு. ஸ்கேன் எடுத்ததுல எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்குன்னு சொல்றாங்க. என் ஓர்ப்படி ஐம்பது வயசுல ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சு நல்லா இருக்காங்க. நானும் இப்போ ஆரம்பிச்சா என்ன?"

டாக்டர்களிடம் இப்படிக் கேட்கும் பெண்கள் உண்டு. கேள்வியில் தப்பே இல்லை. பெண் ஹார்மோனுக்கும் எலும்புக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. ஆனால், ஐம்பதில் ஆரம்பிப்பதும் அறுபத்து நாலில் ஆரம்பிப்பதும் ஒன்றல்ல!

எலும்பு ஏன் மெலிகிறது?

நம் எலும்பில் மராமத்து வேலை வாழ்நாள் முழுக்க நடக்கிறது. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்கள் ஒரு பக்கம், புது எலும்பைக் கட்டும் செல்கள் இன்னொரு பக்கம். அரிக்கிற கூட்டத்தை அடக்கி வைப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிலக்கு நிற்கும்போது இது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அரிப்பு கூடுகிறது, கட்டும் வேலையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாதவிலக்கு நிற்பதை ஒட்டிய சில வருடங்களில்தான் எலும்பு மிக வேகமாகக் கரைகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

வலி எதுவும் இருக்காது. பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்து, மணிக்கட்டோ இடுப்போ முறியும்போதுதான் பலருக்கு விஷயமே தெரியவரும்.

2002-ல் என்ன நடந்தது?

அமெரிக்க டாக்டர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941-லேயே ஈஸ்ட்ரோஜன் குறைவையும் எலும்பு மெலிவையும் தொடர்புபடுத்திக் காட்டினார். பிற்பாடு, எலும்பும் இதயமும் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் அமெரிக்காவில் ஹார்மோனைத் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வந்தது 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற பெரிய ஆராய்ச்சி. அதன் ஒரு பகுதியில் 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2002 ஜூலையில் இதை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். காரணம், இந்தக் கணக்கு:

10,000 பெண்கள் ஒரு வருடம் ஹார்மோன் சாப்பிட்டால்...

* இடுப்பு எலும்பு முறிவு 5 குறைகிறது. குடல் புற்றுநோய் 6 குறைகிறது.
* மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்பு 7, பக்கவாதம் 8, நுரையீரலில் ரத்தக்கட்டி 8, மார்பகப் புற்றுநோய் 8 கூடுகிறது.

ஆக, எலும்புக்கு நல்லது என்பது பொய்யல்ல. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை?

உலகமே பயந்துபோய் ஹார்மோனை ஒதுக்கியது. அப்புறம் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இன்னொரு உண்மை தெரிந்தது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. ஐம்பதுகளில் இருந்தவர்களுக்கு ஆபத்து குறைவாகவும், வயது ஏற ஏற அதிகமாகவும் இருந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோயும் கூடுதலாக வந்தது.

அறுபதைத் தாண்டியவர்களின் ரத்தக்குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கலாம். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வம்பு!

எது சரியான நேரம்?

60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற 10 வருடங்களுக்குள். வட அமெரிக்க மெனோபாஸ் சொசைட்டி 2022-ல் சொன்ன எல்லைக்கோடு இது. உடம்புச் சூடு, இரவு வியர்வை என்று அவதிப்படுகிறவர்கள் இந்த நேரத்தில் ஆரம்பித்தால், அந்தத் தொல்லையும் தீரும், எலும்புக்கும் பாதுகாப்பு.

45 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றவர்களும், ஆபரேஷனில் சினைப்பையை எடுத்தவர்களும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் இதைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டில் அப்படி மகளோ மருமகளோ இருந்தால் சொல்லி வையுங்கள்.

இன்னொரு விஷயம்... ஹார்மோனை நிறுத்தினால் எலும்பு மறுபடி கரையத் தொடங்கிவிடும். 'ரெண்டு வருஷம் சாப்பிட்டா போதும்' என்று நினைத்துவிடாதீர்கள்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு வழியே இல்லையா?

ஏன் இல்லை? எலும்புக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. வாரம் ஒரு முறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் மாத்திரை. வருடத்துக்கு ஒரு முறை நரம்பு வழியே ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிட். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசி. அலென்ட்ரோனேட்டைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் படுக்கவோ சாப்பிடவோ கூடாது. டெனோசுமாப் ஊசியை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து உண்டு. எது பொருந்தும் என்பதை சிறுநீரக நிலை, பல் பிரச்னை எல்லாம் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்

* டெக்ஸா ஸ்கேன் முடிவு. 'டி ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ்.
* மாதவிலக்கு எந்த வயதில் நின்றது? கருப்பை இருக்கிறதா? இருந்தால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிடக் கூடாது. கருப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வரலாம். கூடவே புரோஜெஸ்டிரான் வகை மருந்தும் வேண்டும்.
* மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலில் ரத்தக்கட்டி, ஈரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு... இதில் எது இருந்தாலும், முன்பு வந்திருந்தாலும் மறைக்காதீர்கள்.

ஐம்பதிலேயே ஆரம்பித்து இப்போது அறுபதைத் தாண்டியவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். தொடர்வதா, அளவைக் குறைப்பதா, தோலில் ஒட்டும் பேட்ச்சுக்கு மாறுவதா என்று டாக்டரைக் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கிடைக்கும். பால், தயிர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாமே நல்லது. தினமும் நடங்கள். வைட்டமின் டி அளவைப் பாருங்கள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத மிதியடி, ராத்திரியில் சின்னதாக ஒரு விளக்கு... இவற்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். எலும்பு மெலிந்திருந்தாலும், விழாமல் பார்த்துக்கொண்டால் பல முறிவுகளைத் தவிர்த்துவிடலாம்.