கிராம சபை: கையொப்பம் மட்டும் போதுமா?

நம் நாட்டில் சட்டம் இயற்றும் மன்றங்கள் அனைத்திலும் மக்களின் சார்பில் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களே பேசுகிறார்கள். மக்களே நேரில் அமர்ந்து, தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே பேசி முடிவெடுக்க அரசமைப்புச் சட்டம் இடமளித்துள்ள அவை ஒன்று உண்டு. அதுதான் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். இந்த உறுப்பினர் பதவிக்குத் தேர்தல் இல்லை; பதவிக்காலமும் இல்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் கிராம சபைக்கு உயிர் கொடுத்தது. அதைத் தொடர்ந்து வந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதன் பணிகளை வரையறுத்தது. ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்துக்கும் வரவு-செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் அளிப்பது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பது, நடைபெறும் திட்டங்களின் முன்னேற்றத்தை ஆராய்வது ஆகியவை அப்பணிகளில் முக்கியமானவை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாள்களுடன், உலக தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகியவையும் பின்னர் சேர்க்கப்பட்டதால், ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்ற நடைமுறை உருவானது.

கூட்டம் செல்லுபடியாவதற்குக் குறைந்தபட்ச வருகையும் வரையறுக்கப்பட்டுள்ளது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் கலந்துகொள்ள வேண்டும். இந்த எண்ணிக்கையை எட்டுவதே நோக்கமாகிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பதிவேட்டில் கையொப்பம் பெறப்படுகிறது; தீர்மானங்கள் வாசிக்கப்படுகின்றன; கூட்டம் கலைகிறது. சட்டம் நிறைவேறிவிடுகிறது, ஊர் பேசவில்லை.

ஊர் பேசாவிட்டால் எதை இழக்கிறோம் என்பதைத் தருமபுரி மாவட்டம் தெளிவாகக் காட்டுகிறது. 251 ஊராட்சிகளைக் கொண்ட இம்மாவட்டத்தின் நீண்டகாலத் துயரம் நிலத்தடி நீரில் கலந்துள்ள ஃபுளூரைடு. ஒரு லிட்டர் குடிநீரில் அது 1.5 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அளவு மீறிய நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்புகளும் மூட்டுகளும் பாதிக்கப்படுகின்றன. இதற்குத் தீர்வாகவே, ரூ.1,928.80 கோடி மதிப்பிலான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனுதவியுடன் செயல்படுத்தப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆனால், ஃபுளூரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிப்பவர் தானாக அறிய முடியாது. காவிரி நீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் மேல்நிலைத் தொட்டியில் கலக்கப்படுகிறதா, எந்தக் கிணற்று நீர் எப்போது பரிசோதிக்கப்பட்டது, முடிவு என்ன, பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் எந்த நீர் செல்கிறது என்பவை கோட்டையில் விடை கிடைக்கும் கேள்விகள் அல்ல. அந்தந்த ஊரில், தொட்டி இயக்குபவரை அருகில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டியவை. அதற்குரிய இடம் கிராம சபையே.

தண்ணீரைப் பற்றிப் பேசுவது எளிது. வீட்டுக்குள் நடப்பதைப் பேசுவது கடினம். 2001-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தனர். 2011-இல் அது 913 ஆக உயர்ந்தது. தொட்டில் குழந்தைத் திட்டமும் தொண்டு அமைப்புகளின் உழைப்பும் இந்த மாற்றத்தில் பங்கு வகித்தன. எனினும், கருவிலேயே பாலினம் அறிவதும், பள்ளி வயதுச் சிறுமியருக்குத் திருமணம் பேசுவதும் இன்னும் முற்றாக நின்றுவிடவில்லை. 1098 என்ற எண்ணை அழைத்து ஒரு திருமணத்தைத் தடுக்கலாம். அடுத்த திருமணம் நிச்சயிக்கப்படாமல் இருக்க, ஊர் கூடி அதைப் பேசியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற சிறுமியர் எத்தனை பேர், உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லப் பேருந்து இருக்கிறதா என்று கேட்பதும் குழந்தைத் திருமணத் தடுப்பின் ஒரு பகுதியே.

வனத்தை ஒட்டிய ஊர்களில் கிராம சபையின் அதிகாரம் இன்னும் பெரிது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடியினரின் நில உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று, சரிபார்த்து, முதலில் தீர்மானிக்கும் அமைப்பு அதுதான். அதற்கான கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது கலந்துகொள்ள வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற கேள்வியை 2013-இல் உச்சநீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளின் மக்களுக்கு இது வெறும் செய்தி அல்ல, ஒரு முன்னுதாரணம்.

பழங்குடி மக்களின் குரல் கேட்கப்படாத காலத்தின் சாட்சியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, அரூர் வட்டம் வாச்சாத்தியில் சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் நுழைந்த அரசுப் பணியாளர்களின் வன்கொடுமைக்குத் தீர்ப்பு வர 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். ஊரின் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்தில் நீதி எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் வருவதில்லை? முதல் காரணம் தொலைவு. சிதறிக் கிடக்கும் பல குக்கிராமங்கள் சேர்ந்ததே இங்கு ஓர் ஊராட்சி. ஒரு நாள் கூலியை இழந்து, மலையிறங்கி வந்து செல்வது எளிதல்ல. கேரளத்தில் ஊராட்சியின் ஒவ்வொரு வார்டிலும் தனித்தனியே கிராம சபை கூடுகிறது. நாமும், பொதுக் கூட்டத்துக்கு முன்பாகக் குக்கிராமங்களில் சிறு கூட்டங்கள் நடத்தி, அங்கு எழும் கோரிக்கைகளைப் பொருள்பட்டியலில் சேர்க்கலாம். மேடையில் பேசத் தயங்கும் பெண்களும் பட்டியலின மக்களும் அங்கே தயக்கமின்றிப் பேசுவர்.

இரண்டாவது காரணம், நம்பிக்கையின்மை. பேருந்து, மருத்துவர், மதுக்கடை என ஊராட்சியின் வரம்புக்கு அப்பாற்பட்டவை குறித்த தீர்மானங்கள் பிற துறைகளுக்குப் பரிந்துரைகளாகவே செல்கின்றன. பதில் வருவதில்லை. அடுத்த கூட்டத்தில் அதே தீர்மானம் மீண்டும் நிறைவேறுகிறது. மூன்றாவது முறை மக்கள் வருவதில்லை. எனவே, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் உரிய துறை 60 நாள்களுக்குள் எழுத்துபூர்வமாகப் பதிலளிக்க வேண்டும் என்ற விதி தேவை. 'இயலாது' என்ற பதிலும் காரணத்துடன் வந்தால் மதிப்புடையதே. முந்தைய தீர்மானங்களின் நிலையைப் படித்த பின்பே அடுத்த கூட்டம் தொடங்க வேண்டும்.

இப்போது இதற்கு ஒரு கூடுதல் அவசியம் உண்டு. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட, தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிவடைந்தது. பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். அது நடைபெறாததால், நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவரிடம் கேட்ட கேள்வியை அலுவலரிடம் கேட்க மக்கள் தயங்குவது இயல்பு. ஆனால், தலைவர் இல்லாத காலத்திலும் கலையாத ஒரே மன்றம் கிராம சபைதான்.

ஆகவே, அடுத்த கூட்டத்துக்குச் செல்பவர்கள் மூன்று கேள்விகளுடன் செல்லலாம். நம் குடிநீரின் பரிசோதனை முடிவு எங்கே? சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆயிற்று? இந்த ஆண்டு வரவு-செலவு எவ்வளவு? பதில் கிடைத்த பிறகு பதிவேட்டில் கையொப்பம் இடலாம். வாக்குரிமை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். கேள்வி கேட்கும் உரிமை ஆண்டுக்கு ஆறு முறை வருகிறது.