உங்களுக்குத் தெரியுமா? சிகரெட் பெட்டியிலிருந்து வந்த செல்வம்

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியார் தங்கள் சிகரெட் பெட்டிகளுள் வைத்து விநியோகித்த வண்ணச் சீட்டுகளில், பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் உருவம் தாங்கிய ஒன்று, 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஒன்றரை அங்குல அகலங்கூட இல்லாத அந்தச் சிறு சீட்டிலே, செம்மஞ்சள் பின்னணியில், நடுவகிடு எடுத்த தலையோடும், மார்பில் ஊர்ப்பெயர் பொறித்த சாம்பல்நிறச் சட்டையோடும் அவர் காட்சி தருகிறார்; அக்கால வழக்கப்படி அப்பெயரின் ஆங்கில எழுத்துகளில் கடைசி எழுத்து இல்லாதிருப்பது, எனக்குப் படத்தைக் காட்டிலும் சுவாரஸ்யமானது. புகையிலை விற்பனைக்குத் தம் முகம் துணைபோவதை அவர் ஆட்சேபித்தார் என்பாரும், சன்மானம் தரப்படாமையாலேயே ஆட்சேபித்தார் என்பாரும் உளர். எவ்வாறாயினும் அவர் சீட்டின் அச்சு விரைவிலேயே நின்றுபோனமையால், இன்று அறியப்பட்ட பிரதிகள் சுமார் அறுபதே.

பழஞ்சீட்டின் விலையை நிர்ணயிப்பவை அபூர்வமும் பழுதின்மையுமாம். ஆகையால் மோசடியும் அங்கேதான் நுழைகிறது. ஐஸ் ஹாக்கி மேதை வேய்ன் கிரெட்ஸ்கி 1991-இல் ஒரு கூட்டாளியுடன் 4,51,000 டாலருக்கு வாங்கிய வாக்னர் சீட்டுப் பிரதி, 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதன் ஓரங்களைத் தாமே நறுக்கிச் சீர்செய்ததாக, அதை முன்பு விற்ற வியாபாரி 2013-இல் ஒப்புக்கொண்டார். பங்குப் பத்திரத்தைப்போல் ஈவுத்தொகை தராத இவ்வகை முதலீட்டில் இறங்குவோர், விலையைக் கேட்குமுன் பூதக்கண்ணாடியால் சீட்டின் நான்கு ஓரங்களையும் பார்த்துவிட வேண்டும்.