மொரிசியஸ் தீவின் காலநிலையும் தொலைப்பணியாளர்களும்

மொரிசியஸ் என்பது இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, தெற்கு அட்சரேகை 20 பாகையை ஒட்டி அமைந்துள்ள எரிமலைத் தீவாகும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையம் வழியே பணிபுரிவோரும் ஓராண்டு தங்கும் வகையில் இந்நாடு 2020-இல் பிரீமியம் விசாவை அறிமுகப்படுத்தியது. விடுமுறைக்கு வருவோர் நல்ல மாதத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஆண்டு முழுவதும் தங்குவோருக்கு அந்த வசதி இல்லை.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காலம். மேயும் அக்டோபரும் இடைப்பட்டவை. தென் அரைக்கோளம் ஆதலால், இங்கு அரசு விடுமுறையாக உள்ள தைப்பூசக் காவடி கடுங்கோடையில் வருகிறது. கோடையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 24.7 பாகை செல்சியஸ், குளிர்காலத்தில் 20.4. வேறுபாடு நான்கு பாகை அளவே. இந்த எண்களை மட்டும் நம்பி வீடு பிடிப்பவர் ஏமாறுவார்.

காரணம், தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று. ஈரம் சுமந்து வரும் இக்காற்று நடுமேட்டு நிலத்தில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையாகிறது. மேட்டிலுள்ள கியூர்பிப் நகரில் தூறலும் மூடுபனியும் வாடிக்கை. குளிர்கால இரவுகளுக்குக் கம்பளி வேண்டும், துணியிலும் புத்தகத்திலும் பூஞ்சை பிடிக்கும். மலையின் மறைவிலுள்ள மேற்குக் கரையில், டமாரின், ஃபிலிக் அன் ஃபிளாக் போன்ற ஊர்களில், மேட்டில் பெய்வதில் சிறு பங்கே மழை. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் அங்கே குளிர்சாதனம் இன்றிப் பகலில் வேலை ஓடாது. கிழக்குக் கரையில் குளிர்காலம் முழுவதும் காற்று பலமாக வீசும்; கோடையில் அதே காற்றுதான் ஆறுதல்.

பெரிய கவலை புயல். நவம்பர் முதல் மே வரை புயற்காலம். வானிலைத் துறை நான்கு படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவாகி, அது தொடரும் என எதிர்பார்க்கப்படும்போது நான்காம் படி. 2024 ஜனவரி 15, பொங்கல் நாளன்று, பெலால் புயலில் தலைநகர் போர்ட் லூயிஸின் தெருக்களில் வெள்ளம் பாய்ந்து கார்களை அடித்துச் சென்றது. வீட்டுக்குள் பத்திரமாக இருப்பவருக்கும் மின்சாரமும் இணையமும் அறுந்தால் பணி நின்றுவிடும். ஆகவே முதல் படியிலேயே நிறுவனத்துக்குத் தெரிவித்து, மின்கலங்களைச் சார்ஜ் செய்து, குடிநீர் பிடித்து வைப்பது நல்லது.

நேரக் கணக்கும் காலநிலையோடு சேர்ந்தே வருகிறது. மொரிசியஸ் நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. ஜனவரியில் லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கு பிற்பகல் 1 மணி. எனவே பிரித்தானிய நிறுவனப் பணியாளருக்கு இதமான காலை ஓய்வாகக் கிடைக்கும். புழுக்கமான பிற்பகலில் வேலை தொடங்கும். மேசையை மேற்குச் சன்னலோரம் போடாதிருப்பதே மேல்!

மிக வறண்ட மாதம் அக்டோபர். அப்போது வந்து பார்ப்பவருக்கு எல்லா வீடும் நல்ல வீடாகவே தோன்றும். கூரை மூலைகளிலும் அலமாரிப் பின்புறத்திலும் பூஞ்சைக் கறை உள்ளதா எனப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.