உள்ளங்கையளவு இறப்பர்

இரண்டு சில்லுகளின்மேல் அமர்ந்து நெடுந்தூரம் செல்பவன் எதனை நம்பிச் செல்கிறான்? இயந்திரத்தின் வலிமையை என்பர் சிலர்; பிறேக்கின் திறமையை என்பர் வேறு சிலர். ஆனால், இயந்திரம் தரும் வேகமும், பிறேக் தரும் அடக்கமும், திருப்பத்தில் வண்டி கொள்ளும் சாய்வும் நிலத்தைச் சென்றடையும் வழி ஒன்றே. ஒவ்வொரு சில்லிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவே நிலத்தைத் தொட்டுநிற்கும் ரயரே அவ்வழியாகும். ஆகவே, நெடும்பயண மோட்டார் சைக்கிளுக்கு எந்த ரயர் நல்லது என்னும் வினா பணத்தைப் பற்றியது மாத்திரமன்று, உயிரைப் பற்றியதுமாகும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்கப் பெருஞ்சாலைகளிற் புகழ்பெற்ற ஹொண்டா கோல்ட் விங் என்னும் வண்டியை நோக்குவோம். 1975ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்கு வந்த இவ்வண்டி, 2001ஆம் ஆண்டின் புதிய அமைப்பில் 350 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுடையதாயிற்று. கணவனும் மனைவியும் அதன்மேல் ஏறி, பெட்டிகளையும் நிறைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்வதுண்டு. இத்தகைய வண்டியோட்டிகள் இருவர் சந்தித்தால், எந்த ரயர் சிறந்தது என்னும் விவாதம் எழாமற் போவது அரிது.

இவ்விவாதத்திற் பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. அதனை முதலிற் காண்போம். நேரான பெருஞ்சாலையில் நெடுநாள் ஓடிய வண்டியின் பின் ரயர் நடுப்பாகத்தில் தேய்ந்து தட்டையாகிவிடுகிறது. வண்டியை உந்தும் விசையும், பின்னிருப்பவரின் சுமையும் அதன்மேல் விழுவதால், பொதுவாக முன் ரயரைவிட விரைவில் அது தேய்கிறது. வளைந்திருந்த முதுகு தட்டையானதும் வண்டி திருப்பத்தில் எளிதிற் சாய மறுக்கிறது. சாயத் தொடங்கியபின் திடீரென விழுவதுபோற் சாய்கிறது. இம்மாற்றம் சிறிது சிறிதாக நேர்வதால் ஓட்டுபவனுக்குப் புலனாவதில்லை. வீட்டிலே வளரும் பிள்ளையின் உயரம் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கொருமுறை வரும் மாமனாரல்லவா வியந்து நிற்கிறார்!

இந்நிலையில் அவன் பழைய ரயரைக் கழற்றிவிட்டு, வேறொரு நிறுவனத்தின் புதிய ரயரைப் பூட்டுகிறான். வண்டி இலேசாகச் சாய்கிறது, இரைச்சலும் குறைகிறது. "இதுவல்லவோ ரயர்!" என்று காண்போரிடமெல்லாம் புகழ்கிறான். உண்மையில் அவன் ஒப்பிட்டது இரு நிறுவனங்களின் ரயர்களையன்று, தேய்ந்ததையும் தேயாததையுமே. முன்னைய வகையிலேயே புதியதொன்றைப் பூட்டியிருப்பினும் பெரும்பாலும் அதே மகிழ்ச்சியை அடைந்திருப்பான்.

ஆகையால், முறையான ஒப்பீட்டுக்குச் சிறு குறிப்புப் புத்தகம் ஒன்று வேண்டும். பூட்டிய திகதி, ஓடிய தூரம், ஏற்றிய சுமை, ரயரின் பள்ளங்களிலே எஞ்சியுள்ள ஆழம், மழையிற் கண்ட பிடிமானம் ஆகியவற்றை அதிற் குறித்துவர வேண்டும். 5,000 கிலோமீற்றர் ஓடிய ஒன்றை 5,000 கிலோமீற்றர் ஓடிய மற்றொன்றுடனேயே ஒப்பிடுதல் தகும். காற்றழுத்தத்தைப் புறப்படுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். ஓடிச் சூடேறியபின் அளந்தால் அழுத்தம் மிகுந்து காட்டும். காற்றுக் குறைந்த ரயர் அளவுக்கு மிஞ்சி மடங்கி, சூடேறி, விரைவில் அழியும். உரியவனின் சோம்பலால் வந்த கேட்டுக்கு ரயரைப் பழிப்பது நீதியாகாது.

எல்லா நற்குணங்களும் ஒரே ரயரில் அமையாதது ஏன்? இறப்பர்க் கலவையே காரணம். 1876ஆம் ஆண்டிலே நமது நாட்டின் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட இறப்பர் மரத்தைப் பற்றி மாணவர் படித்திருப்பர். அம்மரத்தின் பாலிலிருந்து பெறும் இறப்பரோடு செயற்கை இறப்பர், கரித்தூள், சிலிக்கா, கந்தகம் முதலியன சேர்த்தே ரயர் செய்கின்றனர். கலவை கடினமாயின் நெடுநாள் உழைக்கும், பிடிமானம் குறையும். மென்மையாயின் நன்கு பற்றும், விரைவில் தேயும். இவ்விரண்டையும் இணக்குவதற்காக நடுவிற் கடினமும் ஓரங்களில் மென்மையும் உடைய ரயர்களை இக்காலத்திற் செய்கின்றனர். மழைநாட் பிடிமானத்துக்குச் சிலிக்கா பெரிதும் உதவுகிறது.

உழைப்பு ஒன்றையே கருதி, அமெரிக்காவிற் சிலர் கோல்ட் விங்கின் பின் சில்லில் கார் ரயரைப் பூட்டுகின்றனர். அது நெடுந்தூரம் உழைப்பது மெய்யே. ஆயினும், சாயாத வண்டிக்கெனத் தட்டையாகச் செய்யப்பட்டது அது. சில்லின் விளிம்பிற் பொருந்தும் பகுதியின் அமைப்பும் வேறு. ஆதலால் ரயர் நிறுவனங்கள் அதனை வேண்டாவென்றே எச்சரிக்கின்றன.

விலைக் கணக்கையும் பார்ப்போம். ஒரே விலையுள்ள இரு ரயர்களில் ஒன்று 10,000 கிலோமீற்றரும் மற்றது 15,000 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொள்வோம். இரண்டாவதே இலாபம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் அதன் கடைசி 3,000 கிலோமீற்றரில் மழைநீரை வெளியேற்றும் பள்ளங்கள் ஆழம் குன்றியிருப்பின், அந்த இலாபம் எதற்கு ஈடாகும்? பிரித்தானியச் சட்டம் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு 1 மில்லிமீற்றர் ஆழத்தை எல்லையாக வைத்திருக்கிறது. சட்டம் தண்டனைக்கு வகுத்த எல்லை அது. அறிவுடையோன் அதற்கு முன்னரே மாற்றிவிடுவான்.

வாங்கும்போது வயதையும் நோக்க வேண்டும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருப்பின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாமற் கிடந்தாலும் இறப்பர் முதுமையடைந்து இறுகும். புதிய ரயரையும் முதல் நூற்றைம்பது கிலோமீற்றர் வரை அவசரமின்றி ஓட்டி, அதன் வழவழப்பைப் போக்கிக்கொள்ளல் வேண்டும்.

சிறந்த ரயர் எது என்று கேட்பவனுக்கு ஒரு பெயரைச் சொல்வது எளிது. உன் சாலை எது, உன் சுமை எவ்வளவு, உன் ஊரில் மழை எத்தகையது என்று அவனைத் திருப்பிக் கேட்பதே பயனுள்ளது. அவற்றுக்கான விடை விளம்பரத்தில் இல்லை. அவன் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கும் செலவில், பின்னாலிருந்து தன்னை நம்பிவரும் உயிரையும் அவன் காத்துக்கொள்ளலாம்.